மஞ்சளும் சுண்ணாம்பும்

ஜூலை 17, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு என் தையல் மிஷினுக்கு ஓய்வு கிடையாது. கோலாலம்பூரில் இருக்கிற அத்தனை மாரியம்மன் கோயிலுக்கும் நான்தான் ரவிக்கை தைக்கிறேன் என்று வீட்டுக்காரர் கேலி பேசுவார். அத்தனை கோயில் இல்லை, எங்கள் வட்டாரத்துக் கோயில் ஒன்றுதான். ஆனால் அங்கே பால்குடம் எடுக்கிற பெண்களில் பாதிப்பேர் இந்தப் போலீஸ் குடியிருப்பின் மாடிப்படி ஏறித்தான் வருகிறார்கள். எல்லாருக்கும் மஞ்சள். வீடு முழுக்க மஞ்சள் நூல். நேற்று ரசத்தில்கூட ஒன்று கிடந்தது. அவர் அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, "இதுக்குத் தனியா கூலி வாங்குவியா தவம்?" என்றார்.

இந்த வருஷம் நானும் பால்குடம் எடுக்கிறேன். பிப்ரவரியில் அவருக்குப் பென்சன். கலவரம் அடக்கும் பிரிவில் இத்தனை காலம் கல்லடி பட்டவர், மிச்சமிருக்கிற மாதங்களையும் தாண்டி முழுசாக வீட்டுக்கு வந்து உட்கார வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வேண்டுதல் அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

நடுவில் இந்தப் பேரணி வேறு வந்து தொலைத்திருக்கிறது. தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டுமாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை நகரத்தில் ஊர்வலமாம். எல்லாரும் மஞ்சள் சட்டை போட்டு வர வேண்டுமாம். உலகத்தில் வேறு நிறமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

ஜூலை 19, செவ்வாய்

மஞ்சள் சட்டைக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா, காக் சைத்தோன், பலகாரத் தட்டோடு வந்து சேதி சொன்னாள். அவள் கணவரும் என் வீட்டுக்காரர் பிரிவில்தான் இருக்கிறார். மலாயில் அவள் பேசுவதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "தவம், உன் வீட்டுக்குள்ள இருக்குற மஞ்சளுக்கு உன்னை ஆயுசு முழுக்க உள்ள வைக்கலாம். முதல்ல உங்க அம்மனைப் பிடிக்கணும், அவங்கதானே தலைவி."

சிரித்தோம். ஆனால் மத்தியானம் ரவிக்கை வாங்கிப் போன அஞ்சலையைச் சாலைத் தடுப்பில் நிறுத்தி, பையைக் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். "கோயிலுக்குங்க, கோயிலுக்குங்க" என்று கத்தினாளாம். ரவிக்கையில் ஊசி குத்தி வைத்திருந்தேன், அது அந்தப் போலீஸ்காரன் விரலில் ஏறிவிட்டது. அம்மன் சும்மா விடுவாளா என்றாள் அஞ்சலை. ஊசியை எடுக்க மறந்தது அம்மன் இல்லை, நான்தான்.

ஜூலை 21, வியாழன்

இன்றைக்கு அவருக்குப் பயிற்சி. சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கை, கழுத்தெல்லாம் சொறிந்து சொறிந்து தடித்திருந்தது.

"எந்தக் குளத்துல விழுந்தீங்க?"

"தண்ணி லோரி. மருந்து கலந்த தண்ணி. காத்து எங்க பக்கமே அடிச்சிருச்சு."

அப்புறம்தான் மெல்லச் சொன்னார். மாதக் கடைசிச் சனிக்கிழமைப் பேரணிக்கு அவரைத் தண்ணீர் லோரியின் மேலே போட்டிருக்கிறார்கள். கூட்டத்தின் மேல் பீய்ச்சுகிற குழாய் அவர் கையில். "நம்ம ரூபிகிட்ட சொல்லிராத. காலேஜ் புள்ள, பெருசா பேசுவா."

சட்டையை ஊறவைத்துப் பிழிந்தேன். பக்கத்து வாளியில் என் விரதச் சேலை. வெள்ளைச் சேலை வாங்கி மஞ்சளில் நனைத்துக் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். பிழிந்த தண்ணீர் அதில் தெறித்துவிட்டது. தெறித்த இடமெல்லாம் ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு விழுந்த மாதிரி சிவந்துபோனது. அப்படியே ரத்தம்தான். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கிறார்களோ, சோப்புக் காரத்தைக் கலக்கிறார்களோ, என்ன எழவைக் கலக்கிறார்களோ.

விரதச் சேலையில் கறை படுவது நல்லதில்லை. அவரிடம் காட்டவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து அலசினேன். மஞ்சள் திரும்பி வந்தது.

ஜூலை 23, சனி

மகள் ரூபிணி வந்தாள். வழக்கமாக மாதம் ஒருமுறை வருபவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சட்டம் படிக்கிறாள். கடைசி வருஷம். எனக்கு விரதம், அவளுக்காக மீன் பொரித்தேன். அவர் கடைக்குப் போகட்டும் என்று காத்திருந்து அடுப்படிக்கு வந்தாள்.

"மா, நான் பேரணிக்குப் போறேன்."

கரண்டியை வைத்தேன்.

"அப்பாகிட்ட சொல்லாத. முன் வரிசையில நாங்கதான் நிக்கிறோம். கூட்டத்த ஒழுங்குபடுத்த தொண்டருங்க வேணும்ல."

"முன் வரிசையிலதான் நிக்கணுமா? பின்னாடி நின்னா உங்க ஜனநாயகம் வராதா?"

"எல்லாரும் பின்னாடியே நின்னா முன்னாடி யாருமா நிக்கிறது?"

இவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நீ ஓட்டு போட்டிருக்கியே மா, அது யாருக்குப் போச்சுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். மீன் கருகுகிறது என்று திரும்பிக்கொண்டேன். மீன் கருகவில்லை.

குழாய் அப்பன் கையில், மகள் குழாய்க்கு முன்னால். இரண்டு பேரும் என் வாயில் பூட்டைப் போட்டுச் சாவியை ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட்டார்கள்.

ஜூலை 24, ஞாயிறு

மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பசியாறினோம். தோசை, சம்பல். அவர் அவள் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டு, "எலும்பா போயிட்ட, ஓஸ்டல்ல சோறு போடறாங்களா, சட்டப் புத்தகம் போடறாங்களா?" என்றார். அவள் சிரித்தாள். நான் என் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது கேட்டாள். அச்சடித்த சட்டை போட்டால் பிடிக்கிறார்கள், அதனால் தலையில் கட்டிக்கொள்ள வெறும் மஞ்சள் துணி, நாடா மாதிரி, வேண்டுமாம். முன் வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும். ஆடி மாதத்தில் போலீஸ் குடியிருப்பில் ஒரு தையல்காரி மஞ்சள் துணி தைத்தால் எவன் சந்தேகப்படப் போகிறான் என்று இந்தக் கழுதையின் கணக்கு.

முடியாது என்று சொன்னேன்.

ஜூலை 25, திங்கள்

மிச்சத் துணி நிறைய இருக்கிறது. வீணாகத்தான் போகும்.

ஜூலை 26, செவ்வாய்

இன்றைக்கு அவரிடம், "முதுகு வலின்னு டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கி லீவு போட்டுருங்களேன், சனிக்கிழமை ஒரு நாள்தானே," என்றேன்.

"பென்சன் வாங்குற நேரத்துல எம்.சி. போட்டா என்னா நெனப்பாங்க?"

"மனுஷங்க மேல அந்தத் தண்ணிய அடிக்கப் போறீங்களே, அது பரவால்லயா?"

சாப்பாட்டிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார். "நான் அடிக்கலன்னா இன்னொருத்தன் அடிப்பான் தவம். அவன் முகத்தப் பாத்து அடிப்பான். நான் காலப் பாத்து அடிப்பேன். கால்ல விழுந்தா ஓடிருவாங்க. ரத்தம் பாக்காம சர்வீஸ முடிச்சிரணும், அவ்ளோதான் எனக்கு."

அவர் அப்படித்தான். ஆரம்ப காலத்தில் ஒரு கலவரத்தில் கூட நின்ற ஆள் மண்டை உடைந்து இவர் மடியில் விழுந்திருக்கிறான். அதிலிருந்து ரத்தம் என்றால் ஆளே மாறிவிடுவார். ரூபிணி சின்னப் பிள்ளையில் முட்டி உரசிக்கொண்டு வந்தால்கூட நான்தான் கழுவ வேண்டும். சன்னாசி என்றால் பிரிவே பயப்படும், அந்தச் சன்னாசி கோழிக்கடை வாசலில் நிற்க மாட்டார்.

ஜூலை 27, புதன்

நாடாக்களைத் தைத்து முடித்தேன். கோடித் துணியின் மூலையில் மஞ்சள் வைக்காமல் இதுவரை ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. பழக்கம். ஒவ்வொன்றுக்கும் தொட்டு வைத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும், அதனால் மொத்தத்தையும் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தேன். கொஞ்சம் கெட்டியாகவே கரைத்தேன். துணிக்கு நிறம் ஏறட்டும் என்றுதான்.

நடைபாதைக் கொடியில் காயப் போட்டேன். வேலை முடிந்து வந்தவர், "என்னா இது, ரிப்பன் கடையா?" என்றார். கோயில் பிள்ளைகளுக்கு என்றேன். கொடி தொய்ந்திருக்கிறது என்று அவரே இழுத்துக் கட்டினார்.

பிறகு மழை பிடித்தது. நான் மிஷினிலிருந்து எழுவதற்குள் அவர் ஓடிப்போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து நாற்காலிகளில் ஒவ்வொன்றாக விரித்துவைத்தார். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. அதைக் கழுவாமலே செய்தித்தாள் படித்தார்.

ஜூலை 28, வியாழன்

மஞ்சள் தூள் தீர்ந்துபோனது. போன வாரம்தான் வாங்கினேன். சாம்பாருக்கு வேண்டுமென்று மறுபடி வாங்கி வந்தேன்.

ரூபிணியின் தோழி மோட்டார் சைக்கிளில் வந்து பையை எடுத்துப் போனாள். மேலே ஒரு டப்பா முறுக்கு வைத்தேன். அந்தப் பெண் துணியை மோந்து பார்த்து, "ஆண்ட்டி, சாமி வாசனை வருது," என்றாள்.

ஜூலை 29, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். அம்மனிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவருக்காகக் கேட்டால் மகளுக்கு எதிராகக் கேட்ட மாதிரி இருக்கிறது. மகளுக்காகக் கேட்டால் அவரைக் கைவிட்ட மாதிரி. சும்மா நின்றுவிட்டு வந்தேன். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் மஞ்சள் சேலைகளை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

ஜூலை 30, சனி

காலை. அவர் இருட்டோடு போய்விட்டார். "சாயங்காலம் வந்துருவேன், கறி வையி," என்றார். விரத மாதத்தில் கறி கேட்கிற ஆள்.

பதினொரு மணி. நகரத்து ஸ்டேஷன்களில் ரயில் நிற்கவில்லையாம். சாலையெல்லாம் அடைத்துவிட்டார்களாம். டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடுகிறது. ரூபிணி போன் எடுக்கவில்லை. ஒரு ரவிக்கைக்குக் கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். மறுபடி அதேபோல் தைத்தேன்.

மத்தியானம். காக் சைத்தோன் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரு கூடை வெங்காயம் உரித்தோம். எதற்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. புகை அடிக்கிறார்களாம், தண்ணீர் அடிக்கிறார்களாம் என்று அவள் போனில் சேதி வந்தது.

மூன்று மணி. ரூபிணியைப் பிடித்துவிட்டார்கள். தோழிதான் சொன்னாள். அடி இல்லையாம், நடந்துதான் போலீஸ் லோரியில் ஏறினாளாம். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னாள். "ஆண்ட்டி, ஒரு அதிசயம் தெரியுமா? பாதியிலே தண்ணி நின்னுருச்சு. அந்த இடைவெளியில எவ்ளோ பேரு சந்துக்குள்ள தப்பிச்சுப் போயிட்டாங்க தெரியுமா?" என்றாள்.

போனை வைத்துவிட்டுப் பூஜை அறைக்குப் போனேன். விளக்கேற்றினேன்.

சாயங்காலம். அவர் வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார்.

"நான் காலப் பாத்துத்தான் அடிச்சேன் தவம். சத்தியமா காலப் பாத்துத்தான். தண்ணி ரோட்டுல பட்டுத் தெறிச்சுச்சு. நிமிந்து பாக்குறேன், முன்னாடி நின்ன புள்ளைங்க முகமெல்லாம் ரத்தம். நெத்தியிலேர்ந்து ஒழுகுது. அதுல ஒரு புள்ள… நம்ம ரூபி. கண்ணுல, கன்னத்துல எல்லாம் செவப்பு. குழாய அடைச்சிட்டேன். அடி அடின்னு மேலதிகாரி ரேடியோவுல கத்துறாரு. என்னால முடியல."

கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று வியாழக்கிழமை விசாரணை வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. "புள்ள மண்டைய ஒடச்சிட்டேனே," என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அடி இல்லையாம் என்று சொன்னேன். "நீ பாத்தியா? நான் பாத்தேன்," என்றார்.

அது ரத்தமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பயமாக இருந்தது. கறியை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூலை 31, ஞாயிறு

ரூபிணியை விட்டுவிட்டார்கள். மத்தியானம் வந்தாள். லாக்கப்பிலிருந்து வருகிற பெண்ணை அப்படியே உள்ளே விட முடியுமா? வாசலிலேயே நிற்கச் சொன்னேன். ஆரத்தித் தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தேன். அவர் ஓடிவந்து இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடியை விலக்கிப் பார்த்தார்.

"எங்க காயம்?"

"என்னா காயம்? எனக்கு ஒண்ணும் இல்லப்பா."

"ரத்தம் வந்துச்சே. நான் பாத்தேனே."

"நீங்க எங்க பாத்தீங்க?" என்றாள். கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. தண்ணீர் லோரியின் மேலே தலைக்கவசத்துக்குள் இருந்தது யார் என்று. அவள் வாய் அடைத்துப் போனதை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் சுண்ணாம்பைக் கிள்ளித் தட்டில் போட்டுவிட்டது. மஞ்சள் தண்ணீர் சிவந்தது. அவர் மகள் முகத்தை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தார். அப்புறம் நடைபாதைக் கொடியைப் பார்த்தார்.

"மழையில அந்த ரிப்பனெல்லாம் நான்தானே அள்ளிட்டு வந்தேன்," என்றார்.

மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் அவளுக்கு மூன்று சுற்று சுற்றினேன்.

ஆகஸ்ட் 1, திங்கள்

பேசவில்லை.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

பேசவில்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிடுகிறார், அதுவரை சரி. ரூபிணி ஒரு வாரம் இங்கேயே இருக்கிறாள். அப்பாவுக்கு எதிரே உட்காருகிறாள், அவர் எழுந்துபோனால் இவளும் எழுந்துபோகிறாள்.

அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மா, உண்மையச் சொல்லு. தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"கோடித் துணிக்கு மஞ்சள் வைக்காம எப்படிக் குடுக்குறது?"

"அப்பாவுக்கு ரத்தம்னா ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"சாம்பார் பொங்குது, தள்ளு," என்றேன்.

ஆகஸ்ட் 3, புதன்

நாளை விசாரணை. காக் சைத்தோன் கணவர் சொல்லித்தான் முழு விஷயமும் தெரிந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறார்களாம், மருத்துவமனையிலும் கேட்டிருக்கிறார்களாம். முன் வரிசையில் ஒருவருக்கும் மண்டை உடையவில்லை. அப்புறம் எந்த ரத்தத்தைப் பார்த்து நிறுத்தினாய் என்றுதான் கேட்கப் போகிறார்கள்.

என் பெண்டாட்டி துணியில் மஞ்சளைப் பூசி ஏமாற்றினாள் என்று சொன்னால் அவர் தப்பித்துவிடுவார். என்னையும் மகளையும் கூப்பிடுவார்கள். வக்கீலாகப் போகிறவள் பெயரில் வழக்கு ஏறும். சொல்லாவிட்டால் அவர் பொய்யர் அல்லது கோழை. பென்சனுக்கு ஆபத்து.

சட்டையை இஸ்திரி போடும்போது சொன்னேன். "நீங்க உண்மையச் சொல்லிருங்க. நான் பாத்துக்குறேன்."

என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். மூன்று நாளுக்குப் பிறகு வாய் திறந்தார்.

"காலர் மடங்கியிருக்கு, சரியா போடு."

ஆகஸ்ட் 4, வியாழன்

காலையில் போனவர் வெகுநேரம் வரவேயில்லை. எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பாத்திரத்தை எல்லாம் எடுத்துத் துலக்கினேன். துலக்கியதையே திரும்பத் துலக்கினேன். ரூபிணி என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். எழுந்து போய்ப் படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். மனதார ஒன்றை எழுதிவிடுகிறேன்: அவர் எங்களைக் காட்டிக்கொடுத்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். நான் செய்தது அப்படி.

நாலு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம் படியேறி வந்து வாசலுக்கு வெளியே நின்றது. உள்ளே வரவில்லை. காக் சைத்தோன் அவள் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"என்னா சொன்னீங்கப்பா?" என்றாள் ரூபிணி என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"ரத்தம் பாத்தேன், நிப்பாட்டிட்டேன்னு சொன்னேன். ஒருத்தனுக்கும் காயமே இல்லையேன்னாங்க. எனக்கு ரத்தமாத்தான் தெரிஞ்சுச்சுன்னேன். திருப்பித் திருப்பிக் கேட்டாங்க, நானும் அதையேதான் சொன்னேன்." தொப்பியைக் கழற்றினார். "லோரியிலேர்ந்து எறக்கிட்டாங்க. இனிமே ஸ்டோர்லதான் வேலை. பென்சன் கதைய பெறகு சொல்வாங்களாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவர் நகரவில்லை.

"அவளுக்கு மட்டும்தானா?" என்றார். "தட்டு எங்க?"

ரூபிணிதான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். மஞ்சளை அவள் கரைத்தாள். சுண்ணாம்பை நான் போட்டேன். சிவக்கிற வரைக்கும் அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், முகத்தைத் திருப்பவில்லை. மூன்று சுற்று சுற்றினேன். ஒரு சொட்டு தொட்டு நெற்றியில் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.